கணக்கு வராத பையன்

கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்த ஆசிரியரே கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அது நடந்தது. அதுவும் நம் ஊரில் அல்ல. கடல் கடந்துபோய், இங்கிலாந்தில், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முன்னால்!

லிவர்பூல் நகருக்கு அருகே கிர்க்பி என்னும் இடத்தில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி 1952 முதல் 1962 வரை நடந்தது. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் தங்கிய கட்டடங்களே எங்கள் கல்லூரி. 1956 பிப்ரவரி 7ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கு வந்துதான் நம் சுதந்திர நாளை மாணவர்களிடம் அறிவித்தார். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளையான நான் 1958இல் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

பயிற்சிக்காகச் சில வாரம் அங்குள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது பத்து வயதுப் பிள்ளைகளின் கணக்கு வகுப்பு. முதல் நாளே பின் வரிசையில் எங்கள் விரிவுரையாளர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கெஜம் துணி 4 ஷில்லிங் 7 பென்ஸ். 3 கெஜம் என்ன விலை? மூவேழு இருபத்தொன்று. 1 போட்டு 2ஐ மேலே கொண்டு போனேன். விடை 14 ஷில்லிங் 1 பென்னி என்று எழுதினேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நூறு காசு ஒரு வெள்ளி என்றே பழகிய கை, பத்துப் பத்தாகத்தான் ஓடியது. 21 பென்ஸ் என்றால் 1 ஷில்லிங் 9 பென்ஸ் அல்லவா?

"பதின்மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. சரியான விடை! சொன்னவன் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். "இங்கே வந்து போட்டுக் காட்டு" என்றேன். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி மரம்போல் நின்றான். அவன் நோட்டுப் புத்தகத்திலும் ஒரு கணக்கு கூட முடிந்திருக்கவில்லை. ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அன்றிரவு என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே "கணக்கு வராது" என்று எழுதி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அதே பையன். 10 பென்ஸ் மீன் இரண்டு, 4 பென்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் மூன்று வாங்கிக்கொண்டு 5 ஷில்லிங் நீட்டினான். கடைக்காரர் மீதியைக் கொடுத்தார். பையன் கையைப் பார்த்தான். "இன்னும் இரண்டு பென்ஸ் வரவேண்டும்" என்றான். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது. சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர் என் அம்மா. ஆனால் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தைக் கூட்டி முடிப்பதற்குள், அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் விரல் கணுக்களிலே கூட்டி, "ஐந்து காசு கூடப் போட்டிருக்கிறீர்கள்" என்பார். அந்த அம்மா வளர்த்த நானா அந்தப் பிள்ளையைப் பற்றி அப்படி எழுதினேன்?

திங்கட்கிழமை காலி டப்பாக்களுக்கு விலைச்சீட்டு ஒட்டி, வகுப்பிலேயே ஒரு கடை வைத்தேன். அந்தப் பையன்தான் கடைக்காரன். அவன் வாயால் சொன்ன கணக்கை நான் பலகையில் எழுதினேன். மூன்றாம் நாள், "நானே எழுதுகிறேன் சார்" என்று சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். குறிப்பேட்டில் எழுதியதை அன்றே அடித்துவிட்டேன்.

1971 பிப்ரவரி 15ஆம் நாள் இங்கிலாந்தும் ஒரு பவுனுக்கு நூறு பென்ஸ் என்று மாற்றிக்கொண்டது. என் மானத்தை வாங்கிய கணக்கு இன்று இல்லை. ஆனால் அந்தப் பையன் கற்றுத் தந்த பாடத்தை ஊர் திரும்பிய பிறகு நான் மறக்கவில்லை. பலகையைக் கண்டு மிரண்ட தோட்டத்துப் பிள்ளைகளிடம் பால் வாளியையும் ஒட்டுப்பால் எடையையும் வைத்தே கணக்குக் கேட்டேன். வாய் திறந்தார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். நீங்களும் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். இன்று கைத்தொலைபேசியைக் காட்டியே காசு கட்டிவிடுகிறோம். ஒரு நாளாவது பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மீதியை அவனே எண்ணி வாங்கி வரட்டும். கணக்கு அவனிடம் இருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும்.