நாடக வழக்கும் நேர்காணலும்

அகப்பாடலில் தலைவனுக்குப் பெயர் சுட்டப்படுவதில்லை. அவன் குறிஞ்சியில் நிற்பதும் தோழியிடம் இரப்பதும் புலவன் புனைந்தவை; அவற்றைப் பொய்யென்று எவரும் இகழ்வதில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தே பாட்டுப் பிறக்கிறது என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. ஆனால், பாடிமுடித்து மேடையைவிட்டு இறங்கிய பாடகன், “நும் ஊர் எது? பெற்றோர் யாவர்?” என வினவும் இதழாளரிடமும் புனைவையே விடையாகத் தந்தால் அதனை எவ்வழக்கில் சேர்ப்பது? ராக் இசைவாணர்களின் நேர்காணல்களைப் படிக்குந்தோறும் எனக்கு இவ்வினா எழுவதுண்டு.

பாப் டிலனையே எடுத்துக்கொள்வோம். 1941இல் பிறந்த அவருடைய இயற்பெயர் ராபர்ட் சிம்மர்மன். மின்னசோட்டா மாநிலத்தில் இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹிப்பிங் என்னும் ஊரில் வளர்ந்தவர். தந்தையார் ஏப் சிம்மர்மன் உடன்பிறந்தாரோடு சேர்ந்து மின்சாதனக் கடை நடத்தினார்; வசதிக்குக் குறைவில்லாத யூதக் குடும்பம். 1961 ஜனவரியில் நியூயார்க் வந்துசேர்ந்த அம்மகனோ, தாம் நியூ மெக்சிகோவின் கேலப் நகரில் வளர்ந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஊர்ஊராய்ச் செல்லும் கேளிக்கைக் குழுவினரோடு ஆண்டுக்கணக்கில் அலைந்ததாக 1962இல் வானொலியில் கதை அளந்தார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பர அலுவலரிடம், சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வந்ததாகக் கூறினார்.

டிலன் மின்கிதாரை ஏந்தி ராக் இசைக்கு மாறியது 1965இல். அதற்கு முன் அவர் பாடிய கிரீனிச் வில்லேஜின் நாட்டார் பாடல் அரங்குகளில், பசியும் புழுதியும் கண்டு வந்தவனுக்கே மதிப்பு. உடி கத்ரியைப் போல் நாடோடியாய்த் திரிந்தவனே ஏழையின் பாட்டைப் பாடத் தக்கவன் எனக் கேட்போர் முன்னரே முடிவுகட்டியிருந்தனர். கடைக்காரர் மகனுக்கு அங்கே இடம் ஏது? ஆகவே இப்பொய்யில் பாதி, கேட்டவர்களுடையது என்றே கருதுகிறேன்.

மறுபாதியை அத்துணை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. 1963இல் நியூஸ்வீக் இதழுக்குப் பேசியபோது, பெற்றோரோடு பல்லாண்டுகளாகத் தமக்குத் தொடர்பே இல்லை என்றார் டிலன். நவம்பரில் வெளிவந்த கட்டுரை உண்மையைப் போட்டுடைத்தது. அப்பெற்றோர் அந்நாளில் நியூயார்க்கிலேயே, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு விடுதியில் தங்கியிருந்தனர். கார்னகி அரங்கில் மகன் பாடுவதைக் காண வந்திருந்தனர். வழிச்செலவும் நுழைவுச்சீட்டும் தந்து வரவழைத்தவர் யார் தெரியுமா? அந்த மகனேதான்!

வெளியூரில் பயிலும் மகனுக்குத் தந்தையாக இருப்பதனாலோ என்னவோ, நான் இந்நிகழ்ச்சியை அவ்விடுதி அறையிலிருந்தே பார்க்கிறேன். அன்போடு அழைத்த கையும் அறியேன் என்று சொன்ன நாவும் ஒருவருடையவை. இரண்டில் எதனை அத்தாய்தந்தையர் நம்பியிருப்பர்?

பொய்யை வெளிப்படுத்திய இதழும் ஒரு பொய்க்கு இடங்கொடுத்தது என்பது இதில் வேடிக்கை. ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ என்னும் பாடலை உண்மையில் எழுதியவர் நியூ ஜெர்சி மாணவர் ஒருவர் என்ற வதந்தியை அக்கட்டுரை ஏந்திவந்தது. தாம் எழுதியதாகச் சொன்னது பொய்யே என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1974இல்!

எல்லாப் புனைவும் ஒரே எடையுடையதன்று. டெட்ராய்ட் நகரத்து ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக், மெக் இருவரும் தம்மை உடன்பிறந்தோர் என்றே சொல்லிவந்தனர். 1996இல் மணந்து 2000இல் மணவிலக்குப் பெற்றவர்கள் அவர்கள் என்பதனை 2001இல் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. மணவாழ்வைவிட இசையே பேசப்படட்டும் என்பது ஜாக் பின்னர்ச் சொன்ன காரணம். அதனால் எவர் நெஞ்சும் புண்பட்டதாகத் தெரியவில்லை.

ஏப் சிம்மர்மன் 1968இல் மறைந்தார். இறுதிச் சடங்குக்கு டிலன் ஹிப்பிங் சென்றார். தாம் நியூயார்க் வந்தது சரக்கு ரயிலில் அன்று, 1957ஆம் ஆண்டு மாதிரி இம்பாலா காரில்தான் என்று தம் நினைவு நூலில் அவர் எழுதியது 2004இல். அப்போது தந்தை மறைந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.