தண்ணீர் சூழ்ந்த அரண்மனை

டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஹில்லரோட் நகரின் ஏரியில் மூன்று சிறு தீவுகளின்மேல் எழும்பி நிற்கிறது பிரடெரிக்ஸ்போர்க் அரண்மனை. நான்காம் கிறிஸ்டியன் அரசர், தம் தகப்பனார் காலத்து மாளிகையைப் பெரும்பாலும் இடித்துவிட்டு, 1602 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இதனைக் கட்டுவித்தார். செங்கற்சுவரில் மணற்கல் அலங்காரம், வளைந்து உயரும் முகப்புகள், செம்புத் தகடு வேய்ந்த கூர்ங்கோபுரங்கள் என நெதர்லாந்தின் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் அமைந்தது. இவ்வரசரின் நாட்களிலேதான், 1620-இல், நமது தரங்கம்பாடியிலும் டேனியர் கோட்டை எழுந்தது.

சுற்றிலும் தண்ணீர் இருந்தும் காவல் போதவில்லை. 1659-இல் சுவீடன் படையினர் முற்றத்து நீரூற்றின் வெண்கலச் சிலைகளைப் பெயர்த்துச் சென்றனர். இன்று அங்கே நிற்பவை நகல்களே. 1859 டிசம்பரில் அரண்மனை தீப்பற்றியபோதோ, ஏரி பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தது! அள்ளி ஊற்றத் தண்ணீர் எளிதில் கிடைக்கவில்லை. உட்பகுதியின் பெரும்பங்கு சாம்பலாயிற்று. அதை மீண்டும் எடுப்பிக்கப் பெரும்பொருள் ஈந்து, 1878-இல் அங்கே தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தை நிறுவியவர் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை அதிபர் ஜேக்கப்சன். நம் வாசகருக்கு இது சற்றே நெருடலாம்!

சிற்றாலயமோ அழியாமல் தப்பியது. மரக்குழாய்களால் ஆன, 1610-இல் செய்யப்பட்ட ஆர்கன் அங்கே இன்றும் உள்ளது. 1700-இல் நான்காம் பிரடெரிக் அரசர் அபிஷேகம் பெற்றது அவ்வாலயத்திலேயே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்த சீகன்பால்கு ஐயரை அனுப்பிவைத்தவர் அவரே.