கிளப்பில் சேராமல் கோல்ப் ஆடலாம்!

கோல்ப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? நீண்ட காம்பவுண்டுச் சுவர், கேட்டில் ஒரு காவல்காரர், 'அங்கத்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. அங்கத்தினர் யாராவது நம்மை விருந்தாளியாக அழைத்துப் போனால்தான் உண்டு. இல்லாவிட்டால் சுவருக்கு மேலே தெரியும் மரங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆனால், இந்த விளையாட்டுக்குத் தாய்வீடு என்று உலகமே கொண்டாடும் ஊரில் சமாசாரம் நேர்மாறு! ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஸெயின்ட் ஆண்ட்ரூஸ். பழைய சர்வகலாசாலை, இடிந்து நிற்கும் தேவாலயம், நீண்ட மணற்கரை எல்லாம் அந்தச் சின்ன ஊரில் உண்டு. அங்கே உள்ள 'ஓல்டு கோர்ஸ்' என்ற பழைய மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமல்ல; ஊராருடைய பொதுச் சொத்து. மைதானத்தின் ஓரத்தில் கம்பீரமாக நிற்கும் கட்டிடத்தைப் பார்த்தவர்கள், 'இதெல்லாம் இந்தக் கிளப்புடையதுதான்' என்று நினைத்துக்கொள்வார்கள். அது 1754-ல் ஆரம்பித்த பிரபல கிளப் என்பது வாஸ்தவம். ஆனால் கட்டிடம்தான் அவர்களுடையது. எதிரே விரிந்து கிடக்கும் புல்தரை அல்ல.

இந்தப் பாத்தியதை சும்மா கிடைத்துவிடவில்லை. 1552-ஆம் வருஷத்துச் சாஸனம் ஒன்றிலேயே, கடலோர மணல்வெளியில் கோல்ப் ஆட ஊர் ஜனங்களுக்கு உள்ள உரிமை பேசப்படுகிறது. அப்புறம் வந்தது சங்கடம். 1797-ல் நகர சபை கடனில் மூழ்கிக் கிடந்தது. கடனாளி வீட்டில் முதலில் விலைபோவது நிலந்தானே? மைதானத்தை விற்றுவிட்டார்கள். சீக்கிரமே அது முயல் வியாபாரிகளின் கைக்குப் போயிற்று. அவர்கள் மாமிசத்துக்காகவும் தோலுக்காகவும் அங்கே முயல்களைப் பெருக விட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் முயல் வளை! ஆட்டக்காரர்கள் எந்தக் குழியைப் பார்த்துப் பந்தை அடிப்பார்கள்? ஊரார் முயல்களைக் கொல்ல, வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போக, ஏறக்குறைய இருபது வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் 1821-ல், கோல்ப்பில் பிரியம் கொண்ட உள்ளூர் நிலச்சுவான்தார் ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை விலைக்கு வாங்கி, ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் செய்து, நிலம் மறுபடி ஊருக்கே வந்து சேர்ந்தது. 1974 முதல் ஒரு தர்மகர்த்தா நிறுவனம் அதை நிர்வகித்து வருகிறது.

சரி, வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே ஆடுவது எப்படி? முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பித்து நேரம் வாங்கி வைத்துக்கொள்வது ஒரு வழி. அதைவிட ருசிகரமானது திருவுளச் சீட்டு! இரண்டு பேர் முதல் நான்கு பேர் வரை ஒரு கோஷ்டியாகச் சேர்ந்து, ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். மாலையில் குலுக்கல் முடிவு தெரிந்துவிடும். கோடீசுவரர் பெயரும் குமாஸ்தா பெயரும் ஒரே குலுக்கலில்தான். தனி ஆளாக வருகிறவர்கள் முன்பெல்லாம் ராத்திரி முழுவதும் குளிரில் கியூவில் நின்று இடம் பிடிப்பார்கள். 2024-ல் அதற்கும் குலுக்கல் முறை வந்துவிட்டது.

அதற்காக, நினைத்தவரெல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட முடியாது. 'ஓரளவு ஆடத் தெரிந்தவர்' என்பதற்கு ஹாண்டிகாப் சான்றிதழ் காட்ட வேண்டும். கட்டணமும் லேசானதல்ல, கோடை காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு முன்னூறு பவுனுக்கு மேல். பர்ஸ் இளைத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் மற்ற மைதானங்களுக்குப் போகலாம். 9 குழிகள் கொண்ட 'பால்கோவ்' மைதானம் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் ஏற்றது.

குழி என்றதும் ஒரு விஷயம். பதினெட்டாம் பெருக்கு, பதினெட்டாம் படி என்று நமக்குப் பழகிய எண்ணிக்கைதான் கோல்ப்பிலும். முன்பு இங்கே ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடிவந்தார்கள். 1764-ல் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து 18 ஆக்கினார்கள். பிறகு உலகம் முழுவதும் அதுவே கணக்காகிவிட்டது.

பந்தைப் பற்றியும் சுவையான கதை ஒன்று உண்டு. ஆதியில் தோல் பைக்குள் இறகை அடைத்துப் பந்து செய்தார்கள். விலையோ அதிகம். 1840-களில் இவ்வூர்ப் பாதிரியார் ஒருவருக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு விஷ்ணு விக்கிரகம் வந்ததாம். அது உடையாமலிருக்கச் சுற்றி வைத்திருந்தது கட்டாபர்ச்சா என்ற மரப்பிசின். அதை உருக்கி உருட்டியதில் பிறந்ததாம் புதிய மலிவுப் பந்து! கதை எவ்வளவு தூரம் நிஜமோ, மரப்பிசின் பந்து வந்த பிறகுதான் சாமானியர்களும் கோல்ப் ஆட முடிந்தது என்பது நிஜம்.

ஸ்திரீகள் விஷயம் என்ன என்று கேட்பீர்கள். கட்டிடத்துக்குச் சொந்தக்காரர்களான கிளப்பார், பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க ஓட்டெடுத்துச் சம்மதித்தது 2014-ல்தான்! 260 வருஷம் யோசித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2007-ல், ஓல்டு கோர்ஸில் பெண்களின் பிரிட்டிஷ் ஓபன் பந்தயம் நடந்து, மெக்ஸிகோ நாட்டு லொரேனா ஒசோவா ஜயித்துவிட்டார்.

ஆனால் ஊர்ப் பெண்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1867-லேயே தங்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது குலஸ்திரீகளுக்கு அழகல்ல என்று கருதிய காலம் அது. அதனால், பந்தை மெதுவாகத் தட்டிக் குழியில் விழச் செய்யும் ஆட்டம் மட்டும். மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்தப் புல்தரைக்கு 'இமயமலை' என்று செல்லப் பெயர்! இன்றும் அந்தக் கிளப் இருக்கிறது. அங்கத்தினர்கள் ஆடாத நேரங்களில் சில பவுன் கொடுத்தால் யாரும் ஆடலாம். சான்றிதழ் வேண்டாம், குலுக்கல் வேண்டாம். பாட்டியும் பேரனும் ஜோடி சேரலாம்.

எடின்பரோவிலிருந்து ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் ஸ்டேஷன், அங்கிருந்து பஸ். ஸெயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1969-லிருந்து ரயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனாலும் ஏமாற்றமில்லை. பெரிய பந்தய நாட்கள் தவிர, அன்று ஓல்டு கோர்ஸில் ஆட்டத்துக்கு லீவு. தள்ளுவண்டியில் குழந்தைகளும், நாயைப் பிடித்துக்கொண்டு கிழவர்களுமாக ஊரே அந்தப் புல்தரையில் உலாவும். முற்காலத்தில் மந்தை ஓட்டிச் செல்லக் கட்டிய சின்னக் கற்பாலத்தின் மேல் நின்று நீங்களும் படம் எடுத்துக்கொள்ளலாம். கேட்பாரில்லை.

ஆகவே, கோல்ப் பிரியரான கணவருடன் அந்தப் பக்கம் போக நேரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: குலுக்கலில் அவர் பெயர் வரவில்லையென்றால் அவர் முகத்தைப் பார்த்து நீங்களும் வாடிப்போக வேண்டாம். 'இமயமலை'க்கு அழைத்துப் போங்கள். அங்கே உங்களிடம் தோற்றாலும் தோற்பார்!