பலெங்கேயின் கல்வெட்டுக் கோயில்

மெக்ஸிகோ தேசத்தின் தென்கோடியில் சியாபாஸ் என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே மலையடிவாரத்து வனத்தின் வழியே செல்லும் யாத்திரிகனுக்கு, மரக்கிளைகளிலிருந்து குரங்குகள் முழங்கும் ஓசை இடியோசைபோல் கேட்கும். திடீரென்று வனம் விலகும். படிப்படியாக உயர்ந்து செல்லும் ஒரு கற்குன்றும், அதன் உச்சியில் ஐந்து வாசல்கள் கொண்ட கோயிலும் கண்முன் தோன்றும். பலெங்கே நகரத்துக் கல்வெட்டுக் கோயில் இதுவே.

இதைக் கட்டிய மாயா மக்களிடம் இரும்புக் கருவிகள் இல்லை. பாரம் இழுக்க வண்டியோ மாடோ இல்லை. ஆயினும் சுண்ணாம்புக் கற்களைக் கொண்டு மலைபோன்ற இக்கோயிலை எழுப்பி, அதன் உள்ளே 600-க்கு மேற்பட்ட சித்திர எழுத்துக்களையும் பொறித்து வைத்தார்கள்.

எழுதியவர்களின் சந்ததியாரே பிற்காலத்தில் அந்த எழுத்தைப் படிக்க இயலாதவர்களானது எப்படி? 1562-ம் வருஷத்தில் யூக்காத்தான் பிரதேசத்து மானி என்னும் ஊரில், தியேகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா சுவடிகளைப் பேயின் வேலை என்று கூறித் தீயிலிட்டார். நாட்டைப் பறித்தவர்கள் நூல்களையும் அழித்தார்கள். பின்னால் வந்த ஐரோப்பியர் சிலரோ, இந்நகரங்களைக் கட்டியவர்கள் எகிப்தியராயிருக்கலாம், வேறு யாராகவேனும் இருக்கலாம் என்று சொல்லி, எஞ்சியிருந்த கீர்த்தியையும் பறிக்கப் பார்த்தார்கள்!

கல் மட்டும் பொறுமையுடன் காத்திருந்தது. 1949-ல் அல்பெர்தோ ரூஸ் என்ற மெக்ஸிகோ ஆராய்ச்சியாளர், கோயில் தளத்திலிருந்த பாறைப் பலகை ஒன்றில் துளைகள் இருப்பதைக் கவனித்தார். அதைப் பெயர்த்தபோது, கீழே கல்லும் மண்ணும் இட்டு அடைத்த படிக்கட்டு ஒன்று காணப்பட்டது. அதைச் சுத்தம் செய்ய நான்கு பருவங்கள் பிடித்தன. 1952-ல் படிகளின் முடிவில் ஓர் அறை திறந்தது. 12 அடிக்கு மேல் நீளமுள்ள, சிற்பங்கள் நிறைந்த மூடியின் கீழே, பச்சைக்கல் முகமூடி அணிந்து ஓர் அரசன் உறங்கிக் கொண்டிருந்தான்.

அவன் யார்? விதியின் விநோதத்தைப் பாருங்கள்! லாந்தா தம் நூலில் மாயா எழுத்துக்கள் சிலவற்றையும் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பையே திறவுகோலாகக் கொண்டு, அதே 1952-ல் யூரி க்னோரோஸோவ் என்ற ருஷ்ய அறிஞர் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைக் காட்டினார். நாளடைவில் கல் பேசியது. 615-ல் பன்னிரண்டாம் வயதில் முடிசூடி, 683 வரை ஆண்ட பாக்கால் என்னும் மன்னனே அவன். பாக்கால் என்றால் கேடயம் என்று பொருள்.

இப்பெருமையெல்லாம் மறைந்த ஒரு மக்களுடையது என்று எண்ணிவிட வேண்டாம். மாயா மொழிகள் சுமார் முப்பது இன்றும் வழங்குகின்றன. பலெங்கேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மார்கள் குழந்தைகளுடன் பேசும் சோல் மொழி, அந்தக் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. சுவடிகளை எரித்த தீ அந்தத் தாய்மார்களின் நாவை எட்டவில்லை.