இரண்டு கறவைக்கு நடுவே ஒரு சுற்றுலா

"லீவு விட்டு பத்து நாளாச்சு சார். எங்கனா கூட்டிக்கினு போன்னு பசங்க உசுர எடுக்குதுங்க. ரெண்டு மாட்டக் கட்டி வச்சிக்கினு நான் எங்க சார் போறது?"

திருவண்ணாமலையை அடுத்த துரிஞ்சாபுரம் பக்கம் நிலக்கடலை அறுவடையைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். பூச்சி, உரம், மானியம் பற்றிய கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவன் நான். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துவிட்டு, "காலைக் கறவை முடிச்சிட்டுக் கிளம்பி, சாயங்காலக் கறவைக்குத் திரும்பி வந்துடலாம்மா" என்றேன். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். ஒரு வேனை வாடகைக்குப் பேசினோம். என் பேத்தியை அழைத்துக்கொண்டு நானும் போனேன். மதியத் தண்ணீரையும் தீவனத்தையும் அந்த அம்மாவின் மாமியார் பார்த்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, முதலில் அண்ணாமலையார் கோயிலுக்குப் போனோம். சித்திரை, வைகாசியில் குழந்தைகளோடு போகிறவர்கள் அதிகாலையிலேயே போய்விட வேண்டும். ஒன்பது மணி தாண்டினால் பிராகாரத்துக் கல் காலைச் சுட்டுவிடும். 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரத்தின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்த பையன், "நம்ம தென்னமரம் மாதிரி எத்தினி தாத்தா?" என்று கேட்டான். நாலு மரம் இருக்கும் என்றேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பதால், சின்னப் பிள்ளைகளை முழுக்க நடக்க வைக்க வேண்டாம். பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். சாதாரண நாளில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தாலே மலை ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு வடிவமாகத் தெரிவதைக் காட்டிவிடலாம்.

அடுத்து தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் அணை. ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்குள்தான். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரியைத் தாண்டி வரும் தென்பெண்ணையை இங்கே மலைகளுக்கு நடுவே மறித்திருக்கிறார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958-இல் முடிந்த அணை இது. உயரம் 119 அடி. கொள்ளளவு 7 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். பூங்கா, முதலைப் பண்ணை, வாசலில் மீன் வறுவல் கடை என்று பிள்ளைகளுக்கு வேண்டிய எல்லாம் உண்டு. முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததைப் பார்த்து, "பொம்மையா?" என்று கேட்டாள் என் பேத்தி. அதற்குள் ஒன்று வாலைச் சுழற்றித் தண்ணீரில் பாய்ந்தது. அவள் என் இடுப்புக்கு ஏறிவிட்டாள்.

அணையைப் பார்க்கும் இடத்தில் நின்று, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டதைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பால் ஊற்றும் குடும்பத்துக்காரர் ஒருவர் கணக்குப் போட்டார். ஒரு கனஅடி 28 லிட்டர். பால் கேன் 40 லிட்டர். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு லட்சம் கேனுக்கு மேல்! கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் எத்தனை வயல் மண் மூடிப்போனது என்பதை அந்தக் கணக்குக்குப் பிறகு விளக்கவே தேவைப்படவில்லை. வயலுக்கு வாய்க்காலில் வருவதும் இதே தண்ணீர்தான், வீட்டைக் கொண்டுபோவதும் இதே தண்ணீர்தான் என்று அந்த அம்மா மகனிடம் சொன்னார்.

அந்த இடத்தில் என் மனதில் இருந்தது வேறொன்று. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், நான் வேலை பார்த்த பகுதியில் ஆறு வயதுப் பையன் பண்ணைக் குட்டையில் விழுந்து இறந்துபோனான். அப்பாவும் அம்மாவும் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை. பையன் கை கழுவ இறங்கியிருக்கிறான். பாலித்தீன் தாள் விரித்த குட்டை, பாசி படிந்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பெரியவர்களே ஏற முடியாது. அந்தக் குட்டையை வெட்டச் சொன்னது நான். நீளம், அகலம், ஆழம், தாளின் தடிமன் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வேலி போடுங்கள் என்று வாயால் ஒரு முறை சொன்னேன். போட்டார்களா என்று திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்த வழியாகப் போகும்போது வண்டி தானாக மெதுவாகிறது.

கோடை விடுமுறையில் நம் வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்கக் கிணறு, குட்டை, ஏரிப் பள்ளம் இவற்றுக்கு நடுவில்தான் தனியாக இருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு நாள் பயணத்தை நான் வெட்டிச் செலவாக நினைக்கவில்லை. நம் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு ஆழம், ஏன் இறங்கக் கூடாது என்று நாம் நின்று சொல்ல வேண்டும். வீட்டில் நூறு தடவை திட்டியும் ஏறாதது, அணைக்கட்டின் முன்னால் ஒரு தடவை சொன்னால் ஏறுகிறது. அணைத் தண்ணீரிலும் ஆற்றுப் பள்ளத்திலும் யாரும் இறங்க வேண்டாம்.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போங்கள். செய்யாறு பிறப்பது அந்த மலையில்தான். மே மாதத்தில் பலா பழுத்துத் தொங்கும். சாமை விதைப்புக்காக உழுது போட்ட சரிவுகளைக் காட்டி, ஏரி, கிணறு இல்லாமல் மழையை மட்டும் நம்பி அங்குள்ள மலைவாழ் மக்கள் பயிர் செய்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பீமன் அருவியில் கோடையில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். அருவிக்காகவே போகிறவர்கள் மழைக்குப் பிறகு போவது நல்லது. அங்கிருந்து காவலூர் வானாய்வகமும் கிட்டத்தில்தான். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை சில. சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இரு சக்கர வண்டியில் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை வந்தால், தலைக்கவசமும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசு விதி. மலை வளைவில் வாந்தி வரும் பிள்ளைக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். நீர்மோர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி கையில் இருக்கட்டும். 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் இருங்கள். ஒரே நாளில் இரண்டு வீட்டாரும் போனால் மாட்டுக்கு ஆள் இருக்காது. வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள், முறை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒரு வீட்டார், மறு வாரம் மற்ற வீட்டார் போய் வரலாம்.

குட்டையும் கிணறும் உள்ளவர்கள், சுற்றுலா போகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே சுற்றி வேலி போடுங்கள். குட்டையின் நான்கு மூலையிலும் முளை அடித்து, முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றைத் தண்ணீருக்குள் விடுங்கள். மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றைக் கட்டி மிதக்க விடுங்கள். மொத்தச் செலவும் ஒரு மூட்டை உரத்தை மிஞ்சாது, முள்வேலியாக இருந்தால்.

அன்று ஐந்து மணிக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டோம். மாமியார் மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "ஒரு நாளு நீ இல்லன்னு மாடு ஒண்ணும் ஏங்கிப் போவல. போயி செம்ப எடு" என்றார் மருமகளிடம். பையன் செருப்பைக்கூடக் கழற்றாமல், தாத்தாவிடம் முதலையைப் பற்றிச் சொல்ல ஓடினான். நான் கொல்லைப் பக்கம் போய் அவர்கள் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இடிந்திருந்தது. அடுத்த வாரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன். கட்டிவிட்டார்கள்.