சுடரும் சூடும்

தியானப் பகுதி: யாக்கோபு 2:14-17, அப்போஸ்தலர் 28:1-3



நாம் வாழும் இங்கிலாந்தின் பழைய வீடுகளில், வரவேற்பறைச் சுவரின் நடுவே ஒரு திறப்பைக் கண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கே நிலக்கரி எரிந்தது. குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்ந்தது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நிலக்கரி அடுப்புகள் மெல்ல மெல்ல அணைந்தன. இன்று அத்திறப்புகள் பலவற்றில் மின்சாரக் கணப்பு பதிக்கப்படுகிறது.

சுவரோடு சமமாக அதைப் பதிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. பழைய சுவர் எங்கும் ஒரே அளவாய் இராது. ஆகவே அகலம், உயரம், ஆழம் மூன்றையும் பல இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்வார்கள். தளத்தை மட்டம் பார்த்துச் சீராக்குவார்கள். பயன்படாத புகைபோக்கியின் வாயை மழை இறங்காதபடி மூடி, உள்ளே ஈரம் தங்காதிருக்கக் காற்றோட்டத்துக்கு வழி விடுவார்கள். தகுதிபெற்ற மின்பணியாளர் இணைப்பைக் கொடுப்பார். தயாரிப்பாளர் குறித்த காற்று இடைவெளியை அடைக்காமல் பெட்டியை உள்ளே செலுத்தி இறுக்கினால், அதன் முகப்பு சுவர்ப்பூச்சோடு ஒன்றி நிற்கும். இத்தனை உழைப்பும் அந்த அறையில் அமர்பவர்களுக்காகவே.

பொருத்தி முடித்தபின், விறகு கனல்வதுபோலச் சுடர் எழும்பும். அது ஒளியால் ஆன தோற்றம். இத்தகைய கணப்புகளில் பெரும்பாலும் சுடருக்கு ஒரு பொத்தான், சூட்டுக்கு வேறொரு பொத்தான். சுடரை மட்டும் இயக்கினால் செலவு மிகச் சொற்பம். சூட்டையும் இயக்கினால், 2 கிலோவாட் கருவி ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தெருவில் நின்று சன்னல் வழியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே வந்து விறைத்த கைகளை நீட்டுகிறவருக்கே வேறுபாடு தெரியும்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் யாக்கோபின் நிருபம் நம்மை நிறுத்துகிறது. உடுத்த வஸ்திரமும் அன்றன்றைய ஆகாரமும் இல்லாத ஒருவரிடம், குளிர்காய்ந்து பசியாறும்படி நல்வாக்குச் சொல்லி அனுப்பிவிட்டால் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்கிறார். அந்த வாக்கில் சுடர் உண்டு, சூடு இல்லை.

மெலித்தா தீவின் மக்களை நினைத்துப் பாருங்கள். கப்பல் உடைந்து 276 பேர் நனைந்து கரை சேர்ந்தபோது, அவர்கள் மழையையும் குளிரையும் கண்டு நெருப்பு மூட்டினார்கள். வந்தவர்கள் யார், என்ன மார்க்கத்தார் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. கைதியாய் வந்த அப்போஸ்தலனாகிய பவுலும், தானும் நனைந்தவனாயிருக்க, விறகுகளை வாரிக்கொண்டு வந்தான்.

நம் ஆராதனையில் பாடல் உண்டு, வாசலில் புன்னகை உண்டு. அவற்றுக்காகத் தேவனைத் துதிப்போம். ஆனால் ஞாயிறு மாலையில், வாடகை அறையில் போர்வைக்குள் படித்துக்கொண்டிருக்கும் புதிய மாணவரை யார் அழைக்கிறோம்? இரவுப்பணி முடிந்து வெறும் வீட்டுக்குத் திரும்பும் சகோதரிக்கு யார் உணவு வைத்திருக்கிறோம்? முன்பணம் செலுத்தும் மின்மானியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்துக் குளிரைச் சகிக்கும் முதிய தாயாரின் நிலை நமக்குத் தெரியுமா?

இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். சற்று நேரம் அமருங்கள். வீட்டார் வீட்டுக்குள்ளேயே மேலங்கி அணிந்திருந்தால், கேள்வி கேட்டு அவர்களைக் கூச்சப்படுத்த வேண்டாம். வேண்டியதைச் சத்தமின்றிச் செய்யுங்கள். அவர்களுக்காக ஜெபித்த பின்பு அதைச் செய்யுங்கள். செய்த பின்பும் ஜெபியுங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்களிடத்தில் சுயமாய் அனல் இல்லை, அது உம்மிடமிருந்தே வருகிறது. குளிரில் இருப்பவர் எங்கள் அருகே வரும்போது, உமது அன்பின் சூட்டை உணரச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.