முதுகில் ஒரு சாவி

அபத்தம் என்றதும் நமக்கு ஐரோப்பாதான் ஞாபகம் வருகிறது. யுத்தத்தில் இடிந்த நகரங்கள், காலியான வானம், வராதவனுக்காகக் காத்திருக்கும் இருவர். அபத்தத்துக்குத் துக்கமுகம் ஒன்றுதான் உண்டு என்று நாமாகவே தீர்மானித்துவிட்டோம்.

கெய்இச்சி அராவி 2006இல் தொடராக வரையத் தொடங்கிய சித்திரக்கதை 'நிச்சிஜோ'. தத்சுயா இஷிஹாராவின் இயக்கத்தில் க்யோட்டோ அனிமேஷன் 2011இல் இதை 26 பகுதிகளாகப் படமாக்கியது. தலைப்புக்கு 'அன்றாடம்' என்று அர்த்தம். பள்ளிக்கூடம், மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி முதல்வர் ஒரு மானோடு மல்யுத்தம் செய்கிறார். ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்ட மாணவிக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பூனை பேசுகிறது. பேச வாய்த்ததும் அது கேட்பது, வயதுக்குரிய மரியாதை.

யூக்கோவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு ஸாஸேஜ் துண்டு தவறுகிறது. தரையைத் தொடுமுன் அதைப் பிடிக்க அவள் படும் பாடு, ஒரு யுத்த காண்டத்துக்குரிய ஆவேசத்துடன் வரையப்பட்டிருக்கிறது. சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் எங்கள் வங்கி ஞாபகம் வந்தது. சாயங்காலம் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால், சொந்தப் பையிலிருந்து போட்டு முடிக்க யாருக்கும் உரிமையில்லை. நாலு பேர் வீட்டுக்குப் போகாமல் தேடுவோம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது அபத்தம். தேடுகிறவனுக்கு அந்த நேரத்தில் உலகமே அந்த ஒரு ரூபாய்தான். அற்பமான ஒன்றின்மேல் முழுக்கவனமும் குவியும்போது பிறக்கும் இந்த அபத்தத்தில் விரக்தி இல்லை.

சாவி கொடுத்த பொம்மை என்பது நம்மிடையே வசவு. குமாஸ்தாக்களைச் சொல்வதற்கென்றே உண்டானது போல. இந்தப் படத்தில் நானோ என்ற இயந்திரப் பெண்ணின் முதுகில் நிஜமாகவே ஒரு சாவி துருத்திக்கொண்டிருக்கிறது. அவளைச் செய்தவள் எட்டு வயதுச் சிறுமி. எல்லாப் பெண்களையும் போலாக வேண்டும், சாவியைக் கழற்று என்று நானோ அவளிடம் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் சிறுமி சம்மதிக்கும்போது, இருக்கட்டும் என்றுவிடுகிறாள். காரணத்தை விரித்துச் சொல்லாமல் விட்டதில்தான் படத்தின் பக்குவம் தெரிகிறது.

2019 ஜூலை 18 அன்று ஒருவன் அந்த ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். நிச்சிஜோவின் பாத்திரங்களைப் படத்துக்காக வடிவமைத்த ஃபுதோஷி நிஷியா அவர்களில் ஒருவர். அர்த்தமின்மை என்று ஐரோப்பியர்கள் எழுதியது அந்தத் தீயைத்தான் என்றால் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு எட்டு வருஷம் முன்பே, ஒரு ஸாஸேஜ் துண்டு கீழே விழும் சில விநாடிகளுக்காக, கையால், படம் படமாக வரைந்து வைத்திருந்தார்கள் இந்த ஸ்டூடியோக்காரர்கள். அதை வேண்டாத வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.